உப்பு வெளியேற வழி இருக்கிறதா?

2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்த நாகப்பட்டினத்து வயல்களைப் பார்த்தவர்கள், அந்த மண்ணில் இனிப் பல ஆண்டுகளுக்கு நெல் விளையாது என்றே அஞ்சினார்கள். அச்சம் முழுதாகப் பலிக்கவில்லை. மேலே படிந்த சேற்றையும் மணலையும் வழித்தெடுத்து, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுத வயல்கள் பலவற்றில் ஓரிரு ஆண்டுகளிலேயே மீண்டும் பயிர் நின்றது. 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்ததும் கைகொடுத்தது.

திருச்சிக்கு அருகே மணிகண்டம் வட்டாரத்தில் கதை வேறு. அங்கிருந்து கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆண்டுதோறும் மழை பெய்கிறது. ஆனாலும் அங்குள்ள களர் நிலங்கள் மழையால் மட்டும் தேறுவதில்லை. மழை பெய்தால் மேற்பரப்பில் நீர் நாள்கணக்கில் நிற்கும். வற்றினால் மண் பொருக்குக் கட்டி இறுகிவிடும். கடல்நீர் பாய்ந்த மண் மழையில் தேறுவதும், கடலே எட்டாத மண் மழையில் தேறாததும் ஏன் என்று புரிந்துகொண்டால், உப்பு நிலங்களைப் பற்றிய ஆராய்ச்சி இத்தனை ஆண்டுகளாக எதைத் துரத்துகிறது என்பதும் புரியும்.

நாம் பொதுவாக உப்பு நிலம் என்று சொல்வதற்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அளவுக்கு மேல் சேர்ந்திருக்கும். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்துவிட்டால், மண் ஈரமாக இருந்தாலும் பயிரால் அந்த நீரை உறிஞ்ச முடியாது. களர் நிலத்தில் சிக்கல் நீரில் இல்லை, களித்துகளில் இருக்கிறது. களித்துகளின் மேற்பரப்பில் கால்சியம் ஒட்டியிருக்க வேண்டிய இடங்களைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கும். இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் துகள்களை நெருக்கி இழுத்துக் கட்டிகளாகச் சேர்த்து வைக்கும். இடையிடையே காற்றும் நீரும் போகத் துளைகள் இருக்கும். சோடியத்துக்கு ஒற்றை மின்னூட்டம்தான், அதுவும் தன்னைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொண்டு நிற்கும். துகள்கள் விலகிச் சிதறும், சிதறிய நுண்களி துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும், அதன்பிறகு நீர் கீழே இறங்காது.

மழை ஒன்றுக்கு மருந்தாகவும் மற்றொன்றுக்குத் தீங்காகவும் ஆவது இங்கேதான். உவர் மண்ணில் மழைநீர் உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. களர் மண்ணில் அதே தூய நீர், துகள்களைச் சிறிதளவாவது சேர்த்துப் பிடித்திருந்த கரைசலையும் நீர்த்துப்போகச் செய்கிறது. துகள்கள் இன்னும் சிதறுகின்றன, மேற்பரப்பு இன்னும் இறுகுகிறது. நாகப்பட்டினத்தில் கடல்நீர் புகுந்த வயல்களில் பல மணற்பாங்கானவை. கடல்நீரில் சோடியத்தோடு கால்சியமும் மக்னீசியமும் உண்டு. உப்பு களித்துகளில் ஊறி ஆண்டுக்கணக்கில் நிலைகொள்ளவும் அவகாசம் இல்லை. அதனால் அது பெரும்பாலும் உவர்ச் சிக்கலாகவே இருந்தது, கழுவிவிட முடிந்தது.

இந்த இரண்டையும் பிரிக்கும் அளவுகோல்களை அமெரிக்காவின் ரிவர்சைடு நகரில் உள்ள உவர்மண் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேட்டில் வகுத்தது. மண் கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டினால் உவர்; களித்துகள்கள் பிடித்துவைத்திருக்கும் அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர். இரண்டும் கூடிய நிலங்களும் உண்டு. களர் நிலத்தின் கார அமில நிலை (pH) 8.5ஐத் தாண்டியிருக்கும், கடுமையான இடங்களில் 10ஐயும் தாண்டும். எல்லைகள் நாட்டுக்கு நாடு சற்று மாறினாலும் பிரிவின் தர்க்கம் அதுவேதான்.

இந்தியாவில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 38 லட்சம் ஹெக்டேர், களர். குஜராத்தில்தான் பாதிப்பு மிக அதிகம், அடுத்து உத்தரப் பிரதேசம். தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 3.7 லட்சம் ஹெக்டேர். இவ்வளவு நீளமான கடற்கரை இருந்தும் அதில் மிகப் பெரும்பகுதி உவர் அல்ல, உள்நாட்டுக் களர். உப்பு என்றாலே கடலை நோக்கிக் கைகாட்டும் நம் பழக்கம் இந்த எண்ணின் முன் நிற்காது. இந்தத் தவறான எண்ணத்தால் விவசாயிக்குப் பணமும் பருவமும் வீணாகின்றன. களர் வயலில் திரும்பத் திரும்ப நீரைக் கட்டி உப்பைக் கழுவ முயல்கிறவர் தன் மண்ணை மேலும் கெடுத்துக்கொள்கிறார். உவர் வயலில் ஜிப்சம் கொட்டுகிறவருக்குச் செலவுதான் மிச்சம்.

களர் நிலத்துக்கு மருந்து ஜிப்சம் என்பது பழைய அறிவு. கலிபோர்னியாவில் மண்ணியல் அறிஞர் ஹில்கார்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைப் பரிந்துரைத்திருந்தார். ஜிப்சம் கால்சியம் சல்பேட். அது நீரில் கரையும்போது கால்சியம் களித்துகளில் போய் ஒட்டிச் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாகி நீரோடு போகிறது. தாளில் எழுதினால் ஒரு வரிச் சமன்பாடு. ஹெக்டேருக்கு எத்தனை டன், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பயிரோடு என்பதெல்லாம் வயலில்தான் தீர்மானமாக வேண்டியிருந்தது. ஹரியானா மாநிலம் கர்னாலில் 1969இல் தொடங்கப்பட்ட மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் செய்த பெரும்பணி அதுதான்.

அந்த வட்டாரத்துக்கு இந்த நோய் புதிதல்ல. மேற்கு யமுனைக் கால்வாய் பாய்ந்த பகுதிகளில் நிலத்தடி நீர் மேலே ஏறி வயல்களில் உப்புப் பூப்பதாக 1850களிலேயே கர்னால் மாவட்ட விவசாயிகள் முறையிட்டார்கள். 1870களில் ஆங்கிலேய அரசு இதை ஆராய ஒரு குழுவே அமைத்தது. கால்வாய் வெட்டியவர்கள் நீர் வரும் வழியைக் கவனமாகக் கணக்கிட்டார்கள், நீர் போகும் வழியை மறந்தார்கள். இயற்கை ஓடைகளைக் கால்வாய்க் கரைகள் மறித்தன. பிற்காலப் பாசனத் திட்டங்கள் பலவும் இதே பிழையைச் செய்திருக்கின்றன. நூறாண்டு கடந்தும் அதைத் திருத்திக்கொள்ளாதது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

கர்னாலில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது, ஜிப்சத்தின் அளவைப் பாதியாகக் குறைக்கலாம் என்ற முடிவு. ஆய்வகத்தில் கணக்கிட்டால் மண்ணின் மேல் 15 சென்டிமீட்டரைத் திருத்த ஒரு குறிப்பிட்ட அளவு ஜிப்சம் தேவைப்படும். நெல்லை முதல் பயிராக வைத்தால் அந்தத் தேவையில் பாதியே போதும் என்று வயல் ஆய்வுகள் காட்டின. பாதி என்றாலும் அது ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் வரை வரும். முழுத் தேவையையும் இட வேண்டுமென்றால் ஏழை விவசாயி இதன் பக்கமே வந்திருக்க மாட்டார். மீதிப் பாதியை யார் தருகிறார்கள்? மண்ணே தருகிறது. வட இந்தியக் களர் மண்ணில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், ஏராளமாக இருக்கிறது. காரத்தன்மை மிகுந்திருப்பதால் அது கரையாமல் கிடக்கிறது. நெல்லின் வேர்கள் மூச்சு விடும்போதும், வயலில் அங்ககப் பொருள்கள் மட்கும்போதும் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. தேங்கிய நீருக்கு அடியில் அது வெளியேற முடியாமல் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் மண்ணிலேயே கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. பயிர் தான் நிற்கும் மண்ணைத் தானே திருத்துகிறது. தக்கைப்பூண்டை மடக்கி உழச் சொல்வதற்குப் பின்னாலும் தழைச்சத்தோடு இந்தக் காரணமும் இருக்கிறது.

உப்பைத் தாங்கும் ஆற்றலைப் பட்டியலிட்டால் நெல் கடைசி வரிசைகளில் வரும். பயிர்களின் உவர்ப்புத் தாங்குதிறன் பற்றி 1977இல் வெளியான புகழ்பெற்ற தொகுப்பின்படி, மண் கரைசலின் மின்கடத்துத்திறன் 3ஐத் தாண்டினாலே நெல்லின் மகசூல் சரியத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 12 விழுக்காடு குறையும். பார்லி 8 வரை தாங்கும், அதன்பிறகும் அலகுக்கு 5 விழுக்காடுதான் இழக்கும். இந்த அட்டவணையை மட்டும் பார்ப்பவர் நெல்லை உப்பு நிலத்துக்கு ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டார். ஆனால் அட்டவணை பேசுவது உவர்ப்பைப் பற்றி. களர் நிலத்தில் நெல் மற்றப் பல பயிர்களை விட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் நீர் இறங்காத மண் மற்றப் பயிர்களின் வேரை மூச்சுத் திணறடிக்கும், நெல்லுக்கு நீர் தேங்குவது பழக்கம். எந்த நோய் என்று தெரியாமல் எந்தப் பயிர் என்று கேட்பதில் பொருளில்லை.

செய்முறையில் நுணுக்கங்கள் உண்டு. நிலத்தைச் சமன்படுத்தி, சிறு பாத்திகளாகப் பிரித்து, வடிகால் வெட்டிய பிறகே ஜிப்சம் தூவ வேண்டும். அதை ஆழமாக உழுது புதைக்காமல் மேல் 10 சென்டிமீட்டருக்குள் கலக்க வேண்டும். ஆழத்துக்குப் போனால் அங்கேயும் இருக்கும் சோடியம் கார்பனேட்டோடு சேர்ந்து வீணாகும். பின்னர் நீர் கட்டி, அது இறங்கவும் வடியவும் விட்டு, மீண்டும் கட்ட வேண்டும். நாற்று சற்று முதிர்ந்ததாக, 30 முதல் 35 நாள் வயதுடையதாக இருப்பது நல்லது. குத்துக்கு மூன்று நான்கு நாற்று வைக்க வேண்டும், ஏனென்றால் சில மடியும். காரத்தன்மையால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போவதால் துத்தநாக சல்பேட் கட்டாயம். தழைச்சத்தையும் வழக்கத்தை விடக் கூட்டி இட வேண்டும், அம்மோனியா ஆவியாகிப் போவது இங்கே மிகுதி.

உத்தரப் பிரதேசத்தில் 1993இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய களர் நிலச் சீர்திருத்தத் திட்டம் இந்த முறையைக் கிராமம் கிராமமாக எடுத்துச் சென்றது. நிலச் சீர்திருத்தத்தில் ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் எவரும் விரும்பாத களர்த் துண்டுகளே என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வேதியியலின் சமூக எடை விளங்கும். வெறும் பட்டாவாக இருந்தது சோறு போடும் வயலாக மாறியது. ஆனால் சீர்திருத்திய நிலங்களில் ஒரு பகுதி மீண்டும் களராகத் திரும்பியதும் அதே மாநிலத்தில்தான். கால்வாய்க்கு அருகில் நிலத்தடி நீர்மட்டம் மேலேயே நின்ற இடங்களில், வெளியேற்றிய சோடியம் திரும்பி ஏறிவந்தது. ஜிப்சம் சோடியத்தைத் துகளிலிருந்து பிரித்துவிடும். அதை நிலத்தை விட்டு அனுப்புவது வடிகாலின் வேலை.

உவர் நிலத்தில் இன்னும் வெளிப்படையாக, எல்லாமே வடிகால்தான். நிலத்தடி நீர் ஒன்றரை இரண்டு மீட்டர் ஆழத்துக்குள் இருந்தால், கோடையில் அது மண்ணின் நுண்துளைகள் வழியே ஏறி ஆவியாகி உப்பை மேலே விட்டுப் போகும். இதைத் தடுக்கத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களை நிலத்துக்குள் ஏறத்தாழ அந்த ஆழத்தில் வரிசையாகப் புதைத்து, உப்பு நீரை ஒரு கிணற்றில் சேர்த்து வெளியே இறைக்கும் முறையை ஹரியானாவின் சாம்ப்லாவில் 1980களில் சோதித்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது. பிறகு நெதர்லாந்தின் உதவியோடு அது பெரிதாக்கப்பட்டது. ஜிப்சத்தை ஒரு விவசாயி தன் வயலில் தனியாக இட்டுக்கொள்ளலாம். நிலத்தடி வடிகாலை ஒருவர் தனியாக அமைக்க முடியாது. பல பேருடைய வயல்களுக்கு அடியில் குழாய் ஓட வேண்டும், பம்புக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று முடிவாக வேண்டும், கடைமடையில் இருப்பவர் மேல்மடைக்காரரின் உப்பு நீரை ஏற்க வேண்டும். இந்தத் தொழில்நுட்பம் மெதுவாகப் பரவுவதற்குக் காரணம் குழாயின் விலை மட்டும் அல்ல.

வெளியே இறைத்த நீர் எங்கே போகும் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வடிகால் நீரைக் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மண்ணிலிருந்து கரைந்துவந்த செலினியம் அங்கே திரண்டது. 1983இல் அங்கு பொரித்த நீர்ப்பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்திருப்பது கண்டறியப்பட்டது, 1986இல் வடிகால் மூடப்பட்டது. வயலை விட்டுப் போன உப்பு உலகத்தை விட்டுப் போவதில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலங்களுக்கு இந்த வகையில் ஒரு நல்வாய்ப்பு உண்டு, வாய்க்கால்கள் தூர்ந்து போகாமல் இருந்தால்.

செய்திகளில் அதிகம் இடம்பிடிப்பது விதை ஆராய்ச்சி. அதிலும் உண்மையான சாதனைகள் இருக்கின்றன. கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டக் கரையோரங்களில் விளையும் பொக்காளி நெல்லிலிருந்து, முதல் குரோமோசோமில் இருக்கும் சால்டால் என்ற மரபுப் பகுதியைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அடையாளம் கண்டார்கள். நாற்றுப் பருவத்தில் உவர்ப்பைத் தாங்க அது உதவுகிறது. வங்கத்தின் நோனா பொக்ரா நெல்லில், சோடியம் இலைக்குப் போகாமல் தடுத்து வேர்ப்பக்கமே திருப்பிவிடும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2005இல் விளக்கினார்கள். 2012இல் ஆஸ்திரேலியாவில் ரானா மன்ஸ் குழுவினர், அதே குடும்பத்து மரபணு ஒன்றைப் பழங்கோதுமையிலிருந்து கடுங்கோதுமைக்குக் கொண்டுவந்து, உவர் நிலத்தில் மகசூல் 25 விழுக்காடு வரை கூடுவதைக் காட்டினார்கள். கர்னால் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் 30 பாசுமதி வகை நெல். களர் நிலத்திலும் நல்ல விலைக்குப் போகும் நெல் விளையலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திருச்சி நிலையம், களர் மண்ணிலேயே அமைந்திருப்பதால், அந்த மண்ணிலேயே தேர்வு செய்து திருச்சி 1 ரகத்தை 1995இல் வெளியிட்டது. திருச்சி 3 அதற்குப் பின் வந்தது. 2025 மே மாதம், மரபணுத் திருத்த முறையில் உருவாக்கப்பட்ட பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்ற நெல் ரகம் அறிவிக்கப்பட்டது. அது வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்கிறார்கள். களர் வேறு, உவர் வேறு என்ற நிலையில் ஒவ்வொரு மண்ணிலும் தனித்தனியாக, பல பருவங்கள் சோதித்த பிறகே அதைப் பற்றி உறுதியாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பொக்காளியை எடுத்துக்கொள்வோம். உலகமே அதன் மரபணுவை எடுத்துக்கொண்டது. பொக்காளி விவசாயிகள் அந்த மரபணுவை மட்டும் நம்பிப் பயிர் செய்யவில்லை. பருவமழைக்கு முன் வயலில் மண்ணைக் கும்பங்களாகக் கூட்டி வைப்பார்கள். தென்மேற்குப் பருவமழை அந்தக் கும்பங்களில் இருக்கும் உப்பைக் கழுவும். மதகைத் திறந்து, வற்றும் கடல்நீரோடு அந்த உப்பை வெளியே அனுப்புவார்கள். பிறகே கும்பத்தின் மேல் முளைவிட்ட விதை. ஜூன் முதல் அக்டோபர் வரை, உப்பு மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில் மட்டும் நெல். நவம்பரில் உப்பு நீர் உள்ளே வர விட்டு இறால் வளர்ப்பார்கள். உப்பைத் தாங்கும் நெல்லையே வைத்துக்கொண்டு, உப்பை வெளியேற்ற அவர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். விதை சில அலகுகளைக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். வடிகாலைச் சீர்செய்யாமல் ரகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போய் ஒருநாள் அந்த ரகத்தின் எல்லையையும் தாண்டும்.

சுந்தரவனத்தில், கர்னால் நிறுவனத்தின் கானிங் டவுன் கிளை பரப்பியதும் இதே அறிவின் மற்றொரு வடிவம். வயலின் ஐந்தில் ஒரு பங்கைக் குளமாக வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மீதி நிலத்தை உயர்த்துகிறார்கள். உயர்ந்த நிலம் உப்பு நிலத்தடி நீருக்கு எட்டாமல் நிற்கிறது, குளத்தில் சேரும் மழைநீர் கோடையில் ஒரு காய்கறிப் பயிருக்கு உதவுகிறது, கூடவே மீனும் உண்டு. 2009 மே மாதம் ஐலா புயல் கடல்நீரைக் கொண்டுவந்து கொட்டிய பிறகு இந்த முறைக்கு வரவேற்பு கூடியது.

ஜிப்சம் எப்போதும் கிடைக்கும் என்றும் இருந்துவிட முடியாது. இந்தியாவின் வேளாண் ஜிப்சம் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. தென்கோடிக்கு வந்து சேர்வதற்குள் போக்குவரத்துச் செலவே பெரிதாகிவிடும், தரமும் ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் மாற்றுகளைத் தேடும் ஆய்வுகள் முக்கியமானவை. அனல்மின் நிலையங்களில் கந்தகப் புகையை வடிகட்டும்போது கிடைக்கும் ஜிப்சம் ஒன்று. சர்க்கரை ஆலைகளைச் சார்ந்த வடிசாலைக் கழிவுநீர் மற்றொன்று. அமிலத்தன்மையும் கால்சியமும் கொண்ட அந்தக் கழிவைப் பயிரில்லாத களர் நிலத்தில் ஒரே ஒரு முறை பாய்ச்சி, பல வாரம் காயவிட்டு, பிறகு நல்ல நீரால் கழுவும் முறையைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். கணக்கில்லாமல் பாய்ச்சினால் அதுவே நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்பதால் இதைக் கண்காணிப்போடு மட்டுமே செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் களருக்கு முக்கியமான ஊற்று, பல இடங்களில் நாம் பாய்ச்சும் கிணற்று நீர்தான். அந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஈடுகொடுக்கும் அளவை விடப் பைகார்பனேட் மிகுந்திருந்தால், வயலில் நீர் ஆவியாகும்போது கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், சோடியம் மட்டும் தனித்து நிற்கும். ஒவ்வொரு பாசனமும் சிறிது களரைச் சேர்க்கும். இந்த மிகுதி லிட்டருக்கு 2.5 மில்லிஈக்விவலன்ட்டைத் தாண்டினால் நீர் பாசனத்துக்குத் தகாது என்பது வழக்கமான எல்லை, 1.25க்குக் கீழே இருந்தால் அச்சமில்லை. தகாத நீர்தான் இருக்கிறது என்றால், மோட்டாரிலிருந்து வரும் நீரை ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாக விட்டுப் பாய்ச்சலாம். போகிற போக்கில் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போகும். வயலில் டன் கணக்கில் ஜிப்சம் இட்டுவிட்டு, அடுத்த நாளே அதே கிணற்று நீரைத் திருத்தாமல் பாய்ச்சுவது செலவழித்த பணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுப்பதாகும்.

ஆகவே மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது கிணற்று நீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் பிடித்தால் போதும். மண்ணில் மேலே பூத்த வெள்ளைப் பொருக்கை மட்டும் சுரண்டாமல் 15 சென்டிமீட்டர் வரை ஒன்றாகவும், அதற்குக் கீழே இன்னொன்றாகவும் தனித்தனிப் பையில் இடுங்கள். மின்கடத்துத்திறன், கார அமில நிலை, ஜிப்சத் தேவை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஜிப்சம் வாங்குவதா, வடிகால் வெட்டுவதா, இரண்டுமா என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.